ஒரு சொட்டு ஈரம் ஏறாது

அங்க இல்லைங்க சார். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து தட்டுங்க. ஜன்னல் ஓரமெல்லாம் இன்னும் நல்லாத்தான் இருக்கு. இந்த சோபாவுக்குப் பின்னாடி, சுவரை ஒட்டி... ஆங், அங்கதான். சத்தம் மாறுது பாத்தீங்களா? நனைஞ்ச அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி இருக்கும். காலைப் பாத்து வைங்க, ரெண்டு பலகை தலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது. நேத்து எங்க வீட்டுக்காரரே தடுக்கிட்டாரு. பாவம், நல்லா முன்னாடி போய் அந்த அலமாரியில முட்டிக்கிட்டாரு. நான் இங்கதான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

புடிச்சிருக்கலாமேன்னா? கையில தொடைக்கிற துணி இருந்துச்சு சார்.

நீங்க பொறுமையா பாருங்க. அவரு வர இன்னும் நேரம் இருக்கு. கட்டட முதலாளியைக் கூட்டிட்டு வரப் போயிருக்காரு. பெரிய அடுக்குமாடி கட்டுறாராம், எல்லா வீட்டுக்கும் மரத்தரை போடப் போறாராம். இவரு வேலை எப்படின்னு நேர்ல பாக்கணும்னு சொல்லிட்டாரு. அதான் உங்களுக்கு அத்தனை போன். அந்த மனுஷன் உள்ள கால் வைக்கிறதுக்குள்ள, தப்பு உங்க கம்பெனிப் பலகையிலதான்னு உங்க வாயால சொல்ல வச்சிடணும் இவருக்கு. உங்களுக்கும் அது புரிஞ்சிருக்கும். இந்தாங்க, மொதல்ல தண்ணி குடிங்க. டம்ளர் பெருசா இருக்கேன்னு பாக்காதீங்க, எங்க வீட்ல எல்லாமே இந்த அளவுதான்.

கடையா? கடைன்னு தனியா ஒண்ணும் கிடையாது சார். இந்தக் கூடம்தான் அவருக்குக் கடை. யாராவது தரை போடணும்னு கேட்டா நேரா இங்க கூட்டிட்டு வந்துடுவாரு. செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடக்கச் சொல்லுவாரு. அவங்க நடக்க நடக்க இவரு பின்னாடியே பேசிக்கிட்டு வருவாரு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட ஒப்பிப்பேன். சொல்லட்டுமா?

கான்கிரீட்டு தளம் இருக்கே, அது காஞ்சு கல்லு மாதிரி கெடக்குன்னு நம்ம நெனைக்கிறோம். அது சும்மா நடிக்குது. அடியில இருக்கிற மண்ணுலேர்ந்து ஈரத்தை இழுத்து இழுத்து மேல விட்டுக்கிட்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியாது. ஆனா மரத்துக்குத் தெரியும். மரம் அதைக் குடிக்கும், குடிச்சா உப்பும், உப்பினா இடம் பத்தாம மேல எழும்பும். அதனால மொதல்ல தளத்து மேல கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டு விரிக்கணும். ஒரு ஷீட்டு மேல இன்னொண்ணு நல்லா ஏறி உக்காரணும், சேர்ற இடத்துல டேப்பு ஒட்டணும். சுவர் ஓரத்துல ஷீட்டை அப்படியே மேல மடிச்சு விடணும், தாம்பாளத்துக்கு விளிம்பு இருக்கும்ல, அந்த மாதிரி. அதுக்கு மேல ஃபோம். அதுக்கு மேலதான் பலகை. பலகைக்கு ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு சும்மா படுத்திருக்கும். சுத்தியும் சுவர் ஓரத்துல விரல் அளவுக்கு இடைவெளி விடணும், மரம் மூச்சு விட்டு அடங்க. அந்த இடைவெளி வெளிய தெரியாம மறைக்கத்தான் இந்தப் பட்டை. இதுக்கு என்னவோ பேரு... ஆங், ஸ்கர்ட்டிங்.

எப்படி? நானே வேலைக்கு வந்துடலாம்ல?

சிரிக்கிறீங்க. பேச்சை முடிக்கிறப்ப அவரு ஒரு வித்தை காட்டுவாரு பாருங்க. சுத்தியும் இருக்கிற பட்டை எல்லாத்தையும் அடிச்சு இறுக்கி வச்சிருக்காரு. இந்த சோபாவுக்குப் பின்னாடி இருக்கிற ஒரே ஒரு பட்டையை மட்டும் அடிக்கல. சும்மா சொருகி வச்சிருக்காரு. சோபாவை நகத்திட்டு, ரெண்டு விரலால அதை இழுத்து எடுத்து, இந்தா பாருங்க இடைவெளி, இந்தா பாருங்க ஷீட்டு எப்படி மடிச்சு நிக்குதுன்னு காட்டுவாரு. பாக்கறவங்க அப்படியே வாயைப் பொளந்துடுவாங்க. கடைசியா நெஞ்சை நிமித்திக்கிட்டு சொல்லுவாரு, நான் போட்ட தரையில ஒரு சொட்டு ஈரம் ஏறாதுன்னு.

ஏறாதுதான் சார். அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். இந்தத் தரையை அவரே தனியா, முழங்கால் தேயத் தேயப் போட்டாரு. மனுஷன் எப்படியோ, வேலை சுத்தம். அதாவது, சொந்த வீட்டு வேலை.

குழாயா? இந்தப் பக்கம் குழாயே கிடையாது. குளிக்கிற ரூமு அந்தக் கோடியில. கூரையும் ஒழுகல, மேல பாருங்க, ஒரு கறை இருக்கா? பின்னாடி சாமான் ரூமுல வெறும் கான்கிரீட்டுத் தரையில நேத்து நீங்க பிளாஸ்டிக்கை சதுரமா வெட்டி நாலு பக்கமும் ஒட்டிட்டுப் போனீங்களே, அதைப் பிரிச்சுப் பாத்தீங்களா? அடியில ஒரு முத்து தண்ணி கூட கோக்கலதானே? எனக்குத் தெரியும். தளம் நல்ல தளம். பலகையும் நல்ல பலகைதான். உங்க கம்பெனி சரக்கைக் குறை சொல்லக் கூடாது.

அதைத்தான் அவரு ஒத்துக்க மாட்டேங்கிறாரு. மொதல்ல மழைன்னாரு. இந்தப் பக்கம் மழையே காணோம். அப்புறம் என் மேல பாய்ஞ்சாரு. தொடைக்கிறப்ப வாளித் தண்ணியை அள்ளிக் கொட்டுறியான்னாரு. நான் நல்லா முறுக்கிப் பிழிஞ்ச துணியிலதான் தொடைக்கிறேன்னு சொன்னேன். அதுவும் உண்மைதான் சார், துணியைத் தொட்டுப் பாருங்க. அதுக்கப்புறம்தான் பலகை மேல தாவினாரு. யார் தலையிலயாவது கட்டலன்னா அவருக்கு சாப்பாடு இறங்காது. அதுல மட்டும் மனுஷன் மாறவே இல்ல.

மாறவே இல்லன்னு ஏன் சொல்றேன்னா... சும்மா கேக்குறேன், உங்களுக்கு அந்தக் கண் ஆஸ்பத்திரி ஞாபகம் இருக்கா? பெரிசு ஒண்ணும் இல்ல, ஒரு கூடம், ஒரு டாக்டர் ரூமு, அவ்வளவுதான். அங்கயும் எங்க வீட்டுக்காரருதான் தரை போட்டாரு. அப்போ அவரோட கூட வேலை செஞ்சது என் தம்பி.

கூடப் பொறந்த தம்பிதான் சார். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். இவருகிட்ட தொழில் கத்துக்கிட்டு இவரையே மிஞ்சிட்டான். இவரு ஒரு ரூமு முடிக்கிறதுக்குள்ள அவன் முடிச்சுட்டு, பட்டைக்கு அளவும் எடுத்து வச்சிருப்பான். அவனுக்கு ஒரு பழக்கம். ஷீட்டு விரிச்சதும், பலகை மூடறதுக்கு முன்னாடி, மார்க்கர் பேனாவால அந்த ஷீட்டு மேல ஒரு குருவி வரைவான். அவன் பொண்ணுக்குக் குருவின்னா உயிரு. யாருடா பாக்கப் போறான்னு கேட்டா, யாரும் பாக்காட்டி என்னக்கா, அது அங்க இருக்கும்ல, அப்படிம்பான். அவன் போட்ட ஒவ்வொரு தரைக்கு அடியிலயும் ஒரு குருவி உக்காந்திருக்கு.

அந்த ஆஸ்பத்திரியில டாக்டர் ரூமை என் தம்பி போட்டான். நோயாளிங்க உக்கார்ற கூடத்தை இவரு போட்டாரு. கொஞ்ச நாள்ல கூடத்துத் தரை எழும்பிடுச்சு. கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு ஒரு அம்மா, மகள் கையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தவங்க, அந்த எழும்பின பலகையில தடுக்கி விழுந்து கை உடைஞ்சு போச்சு. ஒரே கலவரம். யாரு போட்டது, யாரு போட்டதுன்னு டாக்டர் கத்துறாரு. எங்க வீட்டுக்காரரு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. கூடத்தை என் மச்சான்தான் போட்டான், ஷீட்டு போடாம ஏமாத்திட்டான்னு கையை நீட்டிட்டாரு. கூடத்துல அத்தனை பேரு நிக்கிறாங்க. எனக்கெப்படித் தெரியும்னா, நான் ரெண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன் சார். என் புருஷனுக்கு ஒரு டப்பா, என் தம்பிக்கு ஒரு டப்பா.

தம்பி என்ன சொன்னான் தெரியுமா? கூடத்தைப் பிரிங்க, டாக்டர் ரூமையும் பிரிங்க, எனக்கு ரெண்டு பலகை எடுத்தாப் போதும்னான். நான் போட்டது எதுன்னு குருவி சொல்லும்னான். அழுதான் சார். மீசை வச்ச ஆம்பளை, கல்யாணம் ஆகி புள்ளை பெத்தவன், அத்தனை பேருக்கு நடுவுல நின்னு பிரிங்க பிரிங்கன்னு கதறினான்.

யாரும் பிரிக்கல. ஏன்னா பலகைக் கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் வந்திருந்தாரு. அவருக்கு அவரு பலகை தப்பிச்சாப் போதும். ஈரம் பாக்குற மீட்டரைக் கூடத்துப் பலகையில வச்சுப் பாத்தாரு. ஈரம் ஏறியிருக்கு, ஷீட்டு போடாத வேலைதான் இது, போட்டவன் தப்புன்னாரு. தம்பி காலைப் பிடிக்காத குறையா பிரிச்சுப் பாருங்க சார்னான். குருவி புடிக்கிறதெல்லாம் என் வேலை இல்லப்பான்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. டாக்டர் கூட சிரிச்சாரு. அப்புறம் ஆளுங்க வந்து ரெண்டு தரையையும் மொத்தமா பேத்து லாரியில அள்ளிக் கொட்டிட்டுப் போயிட்டாங்க. குருவியும் போச்சு.

அந்தக் கம்பெனிக்காரரா? உங்களுக்கு அப்போ மீசை இருந்துச்சு சார். இப்போ எடுத்துட்டீங்க. எடுத்ததும் நல்லாத்தான் இருக்கு.

ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. நான் என்ன செய்யப் போறேன்? பேசிக்கிட்டுத்தானே இருக்கேன். நேத்து நீங்க வாசல்ல வந்து நிக்கிறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாங்கன்னு சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டேனா இல்லையா?

அதுக்கப்புறம் என் தம்பிக்கு யாரும் வேலை குடுக்கல. எங்க போனாலும், வாய்யா குருவி, ஷீட்டு கொண்டாந்தியான்னு கேட்டுச் சிரிச்சாங்க. இப்போ கிடங்குல மூட்டை தூக்குறான். முதுகு போச்சு. என்னைப் பாக்க வருவான், வராம இருக்க மாட்டான். ஆனா கேட்டுக்கு வெளியவே நிப்பான். உள்ள வாடான்னா, அந்தாளு போட்ட தரையில என் கால் படாதுக்கா அப்படிம்பான். நான் நாற்காலியைத் தூக்கிக்கிட்டுப் போய் தெருவுல போடுவேன். கூடப் பொறந்தவன், தெருவுல உக்காந்து என் கையால ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போறான். அதைப் பாத்து எனக்கு வயிறு எரியுது சார். இன்னும் எரியுது.

இல்லைங்க, அப்போ எனக்கு உண்மை தெரியாது. என் தம்பி பொய் சொல்ல மாட்டான்னு மட்டும்தான் தெரியும். உண்மையை அவரேதான் சொன்னாரு. ரொம்ப நாள் கழிச்சு ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. நல்ல சந்தோஷத்துல இருந்தாரு, ஏதோ புது வேலை கெடச்சிருந்துச்சு. பேச்சோட பேச்சா சொல்றாரு, அந்த ஆஸ்பத்திரிக் கூடத்துல ஷீட்டு பத்தல, யாரு போய் இன்னொரு சுருள் வாங்கிட்டு வர்றதுன்னு வெறும் ஃபோமைப் போட்டு மூடிட்டேன், உன் தம்பி பாவம், நல்லா மாட்டிக்கிட்டான்னு. சொல்லிட்டு சிரிக்கிறாரு. என் மூஞ்சியைக் கூட அவரு பாக்கல. டம்ளரை நீட்டி, தண்ணி ஊத்துன்னாரு.

ஊத்தினேன்.

சண்டையெல்லாம் போடல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நாலு பேரு முன்னாடி ஒரு தடவை சொல்லிடுங்க, தப்பு என்னுதுன்னு. அவன் தலை நிமிந்துடும்னேன். உனக்கென்ன பைத்தியமா, என் பேரு என்ன ஆகும்னாரு. பேரு! என் தம்பி மட்டும் பேரு இல்லாமலா பொறந்தான்? மறுபடி கேட்டேன். அப்புறம் இன்னொரு தடவை கேட்டேன். கடைசியா, இனிமே இந்தப் பேச்சை எடுத்தா தம்பி வீட்டுக்கே போயிடுன்னாரு. அதோட நான் கேக்கறதை விட்டுட்டேன்.

இப்போ உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். பெருசா ஒண்ணும் இல்ல. அந்தக் கட்டட முதலாளி வந்து நிக்கிறப்ப, அன்னைக்கு சொன்னதையே திருப்பிச் சொல்லிடுங்க. மீட்டரை வைங்க, ஈரம் ஏறியிருக்குன்னு சொல்லுங்க, ஷீட்டு போடாத வேலை, போட்டவன் தப்புன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். வார்த்தை கூட மாத்த வேணாம். உங்க பலகையும் தப்பிச்சுக்கும்.

ஷீட்டுதான் இருக்கேங்கிறீங்களா? அன்னைக்கு என் தம்பி ரூமுலயும் இருந்துச்சு சார்.

இவரு துடிப்பாரு. பிரிச்சுப் பாருங்க, பிரிச்சுப் பாருங்கன்னு கத்துவாரு. அந்தப் பட்டையை இழுத்துக் காட்ட ஓடுவாரு. நீங்க கையை இப்படி அமத்தி, வேணாம்பா, எனக்குப் பாத்தாலே தெரியும்னு சொல்லணும். அந்த வார்த்தை அவரு காதுல விழணும். அந்த நேரத்துல அவரு மூஞ்சியை நான் பாக்கணும் சார். இத்தனை நாளா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். அப்போ அவரு திரும்பிப் பாப்பாரு, யாரைக் காட்டலாம்னு. பக்கத்துல யாரு இருக்கா? மச்சான் இல்ல. இந்தத் தரையில ஒரு பலகையைக் கூட வேற ஒரு கை தொடல. நீட்டட்டும் பாப்போம், விரலை எங்க நீட்டுறாருன்னு.

உங்க இஷ்டம் சார், கட்டாயம் இல்ல. நேர்மையா பிரிச்சே பாக்கணும்னாலும் பிரிச்சுப் பாருங்க. ஷீட்டு சரியா இருக்குன்னு சொல்லுங்க. அப்புறம் நானும் வாயைத் திறக்கிறேன். அன்னைக்கு ஏன் பிரிக்கலன்னு அந்த முதலாளி முன்னாடியே உங்களைக் கேக்குறேன். அப்பவும் எனக்கு லாபம்தான். எப்படிப் பாத்தாலும் இந்தப் பலகை எல்லாம் வெளிய போகப் போகுது. வெறும் கான்கிரீட்டுத் தரையாயிடும். வெறும் தரையில கால் வைக்க என் தம்பிக்கு என்ன தடை? உள்ள வந்து, இந்த இடத்துல சம்மணம் போட்டு உக்காந்து, சூடா சாப்பிட்டுட்டுப் போகட்டும்.

என்ன, புரியலையா? எது? ஆமாமா, தளம் காஞ்சிருக்கு, ஷீட்டு ஒழுங்கா இருக்கு, குழாய் இல்ல, மழை இல்ல. அப்புறம் ஈரம் எங்கேர்ந்துங்கிறீங்க. நேத்துலேர்ந்து அதைத்தானே மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கீங்க.

அவரு பேச்சை முழுசாக் கேட்டவ நான் சார். கீழேர்ந்து ஒரு சொட்டு மேல ஏறாதபடி ஷீட்டு விரிச்சு, ஓரத்தையெல்லாம் தாம்பாளம் மாதிரி மடிச்சு விட்டிருக்காரு. டேப்பு ஒட்டின ஒட்டு இருக்கே, அவ்வளவு நேர்த்தி. கீழேர்ந்து ஒண்ணும் மேல வராது. அப்போ மேலேர்ந்து உள்ள போனது மட்டும் கீழ எறங்கிடுமா என்ன? அங்கயேதான் நிக்கும். ஆவியாகவும் வழி இல்ல, வழியவும் வழி இல்ல. மரம் மெதுவா குடிச்சுக்கிட்டே கெடக்கும். உள்ள போக ஒரு வாயைக் கூட அவரே விட்டு வச்சிருக்காரு, அடிக்காத அந்தப் பட்டை ரெண்டு விரலால இழுத்தா வந்துடும். நான் தினமும் காலையில தரை தொடைச்சு முடிச்சுட்டு சோபாவை நகத்துவேன். அவ்வளவுதான் என் வேலை.

வண்டிச் சத்தம் கேக்குது. அவங்கதான்னு நெனைக்கிறேன். சட்டையை நல்லா இழுத்து விட்டுக்கங்க, முழங்கால்ல தூசி இருக்கு. அட, டம்ளர்ல பாதி அப்படியே இருக்கே, குடிக்கலையா? பரவால்ல, இங்க குடுங்க. இன்னைக்கு நீங்க வெள்ளன வந்துட்டீங்களா, நான் இன்னும் ஊத்தவே இல்ல. அந்தப் பட்டையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க சார்.